கப்பல்தளத்து லேத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊருக்கு வரும் நம் ஆட்கள் காரை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இங்க பாக்க என்ன இருக்கு?" என்பதுதான். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த குபெர்டினோவிலிருந்து வருகிறவர்கள் அதைக் கேட்கும் தோரணையே தனி. ஒன்றுமில்லை என்று நாம் ஒத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் இரக்கப்பட்டுத் தலையாட்ட வேண்டும். அடுத்து, "ஏன் இவ்ளோ தள்ளி வீடு வாங்கினீங்க? சேஃபா இருக்கா?" இந்த இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலித்ததுதான் மிச்சம். இப்போது சிரிக்காமல் சொல்கிறேன்.

பார்க்க நிறைய இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே படகில் ஒரு மணி நேரம் வந்தால், திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி வரும் ஆறு விரிகுடாவில் கலக்கும் இடத்தில் எங்கள் ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் தீவு. தீவு என்று பெயர்தானே தவிர, ஒரு பக்கம் சதுப்பு நிலம் அதைக் கரையோடு ஒட்டவைத்திருக்கும். எப்போதோ ஒரு படகு கவிழ்ந்தபோது அதிலிருந்த பெண்குதிரை ஒன்று நீந்திக் கரையேறி அங்கே தனியாகத் திரிந்ததாம். அதனால் தீவுக்கே குதிரையின் பெயர். ஊர் கொஞ்ச நாள் கலிபோர்னியாவுக்குத் தலைநகராகக்கூட இருந்தது. சட்டசபைக்காரர்களுக்கு உட்கார நாற்காலி, படுக்க இடம் எதுவும் போதவில்லை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வசதி போதாது என்று எங்கள் ஊரை விட்டு ஓடியவர்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள் என்று நான் சொல்வதுண்டு. குபெர்டினோக்காரர்களுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தீவில்தான் அமெரிக்காவின் இந்த மேற்குக் கடற்கரையிலேயே முதன்முதலாக வந்த கப்பற்படைத் தளம். மரக்கப்பல் காலத்தில் தொடங்கி, இரும்புக்கப்பல், போர்க்கப்பல், கடைசியில் அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கி வரைக்கும் கட்டினார்கள், பழுது பார்த்தார்கள். கருங்கல் அடுக்கிய உலர்துறை ஒன்று உண்டு. கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறைத்துவிட்டால், கப்பல் தரையில் உட்கார்ந்திருக்கும். அடிவயிற்றின் கீழே நாம் நடந்து போகலாம். அதிகாரிகள் குடியிருந்த வெள்ளை மாளிகைகள் வரிசையாக நிற்கும். வண்ணக் கண்ணாடி பதித்த சின்ன மரத் தேவாலயம் ஒன்று. மத்தியானம் தளத்தில் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். உலகப்போர்க் காலத்தில் ஒருவன் வேலைக்குக் கிளம்பியதும் இன்னொருவன் வந்து அதே கட்டிலில் படுப்பானாம், அவ்வளவு கூட்டம். இதெல்லாம் பார்க்கத் தகுதியில்லை என்றால், பார்க்கிங் கிடைக்கும் மால் மட்டும்தான் பார்க்கத் தகுந்த இடம் போலிருக்கிறது.

நான் அந்தத் தளத்தில் வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் அப்பாவுக்கு அங்கே கணபதி என்ற இடத்தில் லேத் பட்டறை. அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த தொண்ணூறாம் ஆண்டில் தளத்தில் ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டேன், கிடைத்தது. வேலை, கேஜ் ரூமில். மற்றவர்கள் அளக்கப் பயன்படுத்தும் மைக்ரோமீட்டரும் கேஜும் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் அறை அது. குளிரூட்டிய அறையில் கறுப்புக் கல்மேடை ஒன்றின் முன் உட்கார்ந்து, மயிரிழையில் நூறில் ஒரு பங்கு கூடுதலா குறைவா என்று பார்ப்பேன். நான் சரி என்று ஒட்டுத்தாள் ஒட்டினால்தான் அந்தக் கருவி வெளியே போகும். கடலுக்கடியில் போகும் கப்பலுக்குள் இருக்கும் ஆளின் உயிர் அந்த ஒட்டுத்தாளில் கொஞ்சம் இருக்கிறது. நம் ஆட்கள் வீட்டு விசேஷங்களில் "நீங்க சாஃப்ட்வேர்ல எந்த சைடு?" என்பார்கள். "கப்பல் பட்டறை" என்பேன். "ஓ, இன்ட்ரஸ்டிங்" என்று சமோசா எடுக்கப் போய்விடுவார்கள்.

தொண்ணூற்று மூன்றில் தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஊரே எழவு வீடு மாதிரி ஆனது. அப்பா, தாத்தா என்று தலைமுறையாக அங்கேயே வேலை பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. வடக்கே, வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த இன்னொரு தளத்துக்குக் கொஞ்சம் பேரை மாற்றிக்கொள்வார்கள் என்றார்கள். அங்கே கேஜ் ரூமுக்கு ஓர் ஆள் தேவை. என் மேலாளர் என் பெயரைத்தான் சொல்லியிருந்தார். என் கணவர் கணக்கு வேலை பார்ப்பவர். "கணக்கு எந்த ஊர்லயும் கணக்குதான், போலாம்" என்றார். எங்கள் மகள்தான், "ஐ டோன்ட் வான்ட் டு மூவ்" என்று ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்தாள். அதையும் சமாளித்தோம். எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளம் பெரிதில்லை. நான் நன்றாகச் செய்கிற ஒரே வேலை அது. அதை விட்டால் இந்த நாட்டில் எனக்கு வேறு முகம் கிடையாது.

தொண்ணூற்றைந்தில் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் என் கருவிப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், யார் கண்ணிலும் படாமல், சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவேன். பட்டறை வீட்டில் பிறந்தவளுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. அந்த வருடம் நான் வைப்பதை எங்கள் மெஷின் ஷாப்பின் மூத்த லேத்காரர் பார்த்துவிட்டார். பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் ஊரில் அவர்கள் அதிகம், பலரும் கப்பற்படையோடு வந்தவர்கள். என்ன என்று கேட்டார். சோறு போடும் கருவிக்கு வருடத்தில் ஒரு நாள் ஓய்வும் மரியாதையும் என்றேன். அவர் தன் பெரிய லேத்தைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் சில மாதத்தில் அது பழைய இரும்புக்குப் போகப்போகிறது. "இதற்கும் வை. இதற்கு யாரும் எதுவும் செய்யப்போவதில்லை" என்றார். வைத்தேன். எங்கள் அப்பா வைக்கும் அதே இடத்தில், லேத்தின் தலைப்பக்கம் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, வீட்டுச் செவ்வந்திப் பூ ஒன்றைச் செருகினேன். கொண்டுபோயிருந்த பொரியையும் பொட்டுக்கடலையையும் எல்லோருக்கும் கொடுத்தேன். கை நிறைய வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் அதுதான்.

சாயங்காலம் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். லேத்தின் மேல் சிவப்பாக ஒரு பொடி. எங்கள் ஷாப்பில் சிவப்பு என்றால் பழுது, நிராகரிப்பு, தொடாதே என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? நானே தினமும் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டுகிறவள். ஆனால் குங்குமத்தை ஒரு நாளும் நான் சிவப்பு என்று நினைத்ததில்லை. அது குங்குமம், அவ்வளவுதான். அணுசக்திக் கப்பல் வந்துபோகும் இடத்தில் இன்னதென்று தெரியாத பொடி கிடந்தால் என்ன செய்வார்கள்? மஞ்சள் நாடா கட்டி ஷாப்பையே நிறுத்திவிட்டார்கள். கையுறை போட்டு, என் செவ்வந்திப் பூவை இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டு, சோதனைக்கு அனுப்பினார்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும்தான், ஆபத்தில்லை என்று சோதனையில் வந்துவிட்டது. அத்தோடு விட்டார்களா என்றால், இல்லை. மூடப்போகும் தளத்தில் ஆத்திரத்தில் யாராவது எந்திரத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்ற பயம் மேலிடத்துக்கு. வேண்டுமென்றே வைத்த அடையாளமா என்று விசாரணை தொடங்கியது. விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நீங்களே சொல்வது சாட்சி ஆகாது. உங்கள் சமூகத்தில் மதிப்புள்ள, உங்களுக்கு உறவில்லாத ஒருவரை இது வழக்கம்தான் என்று சொல்லச் சொல்லுங்கள். போனில் சொன்னால் போதும். அதுவரை உங்கள் மாற்றல் நிற்கும்" என்றார்.

இவ்வளவுதானே என்று நினைத்தேன். போனில் ஒரு வாக்கியம்.

நேரே குபெர்டினோ அண்ணாவுக்குப் போன் செய்தேன். அண்ணா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சேலத்துக்காரர், பெரிய கம்பெனியில் மேனேஜர். கோவில் கமிட்டி, தமிழ்ப் பள்ளிக் கமிட்டி, பொங்கல் கமிட்டி என்று எல்லாவற்றிலும் இருப்பார். சனிக்கிழமை பஜனை அவர் வீட்டில்தான். புதுக்கார் வாங்கினால் முதலில் கோவிலுக்கு ஓட்டிப்போய், சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். சாட்சிக்கு அவரைவிட வேறு யார்?

"அதுக்கென்னம்மா, நம்பர் குடு. நான் பேசிக்கறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. அவர் ஊரில் இல்லையென்றார் அவர் மனைவி. அப்புறம் நவராத்திரி களைப்பு என்றார். அப்புறம் தீபாவளி வேலை. வடக்குத் தளத்துப் பட்டியல் முடியப்போகிறது என்று மேலாளர் என்னைத் துரத்துகிறார். நான் அண்ணா வீட்டுப் போனைத் துரத்துகிறேன். கடைசியில் விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீங்கள் சொன்ன மனிதருக்கு நானே போன் செய்து பேசிவிட்டேன். இப்படி ஒரு வழக்கம் இருப்பது தனக்குத் தெரியாது என்கிறார்" என்றார்.

மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்து அண்ணாவைப் பிடித்தேன்.

"ஏனுங்கண்ணா, தெரியாதுன்னா சொன்னீங்க?"

"இங்க பாரும்மா, கோவப்படாத. எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ பெண்டிங்ல இருக்கு. இது நேவி மேட்டர். ஏதாவது ஃபைல்ல என் பேர் வந்துட்டா?"

"கார் டயருக்கு எலுமிச்சம்பழம் வெக்கறப்போ தெரியுதுங்களே."

"அது வேற, கோவில்ல பண்றது. நீ பண்ணது ஃபேக்டரி ஆளுங்க பழக்கம். நம்மள பத்தி வெள்ளைக்காரன் என்ன நினைப்பான், சொல்லு. பேசாம தெரியாம பண்ணிட்டேன், சூப்பர்ஸ்டிஷன்னு அப்பாலஜைஸ் பண்ணிடு. முடிஞ்சுது."

பயம் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். கையில் பச்சை அட்டையோடு காத்திருந்த காலத்தில் போலீஸ் காரைப் பார்த்தாலே நானும்தான் நடுங்கியிருக்கிறேன். ஆனால் என் அப்பாவின் பட்டறையை, அவர் வைத்த பொட்டை, அசிங்கம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொல்ல இவர் யார்? படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில். போனை வைத்துவிட்டு அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

அப்புறம் இன்னும் சிலரிடம் கேட்டேன். எல்லோருக்கும் ஏதோ ஒன்று பெண்டிங். ஒருவருக்கு எச்-ஒன் வேலை விசா, ஒருவருக்கு கிரீன் கார்டு, ஒருவருக்கு மைத்துனியின் விசா. "பிரே பண்ணிக்கறோம்" என்றார்கள். நன்றாகச் செய்தார்கள், அதற்கு மட்டும் போன் தேவையில்லையே.

கடைசியில் சொன்னவர் யார் தெரியுமா? தளத்து வாசலுக்கு எதிரே பெட்ரோல் பங்க் வைத்திருந்த காயல்பட்டினத்துப் பாய். நான் கேட்கவே இல்லை. பங்க்கோடு சேர்ந்த அவர் கடையில் பால் வாங்கப் போனபோது என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். கொட்டிவிட்டேன். "இம்புட்டுதானே தங்கச்சி" என்று கடையைப் பூட்டிவிட்டு, என்னோடு நடந்து வந்தார். அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து, தன் தகப்பனாருக்கு ஊரில் லாரிகள் இருந்ததையும், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் டிரைவர்கள் வண்டியைத் தொட மாட்டார்கள் என்பதையும், பொரியும் பூவும் வாங்கத் தன் தகப்பனாரே காசு கொடுப்பார் என்பதையும் சொன்னார். அதிகாரி குழம்பிப் போய், "இது உங்கள் மத வழக்கமா?" என்று கேட்டார்.

"இல்லை. எங்கள் ஊர் வழக்கம்" என்றார் பாய்.

தளம் மூடினால் தன் வியாபாரமும் படுத்துவிடும் என்று தெரிந்த மனிதர். அவருக்கு இதில் ஆகவேண்டியது எதுவுமில்லை. வெளியே வந்து, "எங்க வாப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாக. பொட்டு வச்சதுக்கு விசாரணையாம்" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

விசாரணையை அன்றைக்கே முடித்தார்கள். என்மேல் குற்றமில்லை. ஆனால் வடக்குத் தளத்துக் கேஜ் ரூமுக்கு அதற்கு முந்தின வாரமே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டு என்ன செய்ய? அடுத்த வசந்தத்தில் கொடியை இறக்கினார்கள். சங்கு நின்றது. ஊரில் கடை கடையாக மூடினார்கள், பாயும் பங்க்கை விற்றுவிட்டு ஹூஸ்டனுக்குப் போனார். நான் ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்தேன். வாடிக்கையாளருக்கு ஆணியும் திருகும் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை. மயிரிழையை நூறாகப் பிரித்துப் பார்த்த கண், ஆணிப் பொட்டலத்தின் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எரியட்டும். இதற்கெல்லாம் எரியவில்லை என்றால் வயிறு எதற்கு?

சில வருடம் கழித்து நகராட்சி விழித்துக்கொண்டது. தீவைச் சுற்றுலா இடமாக்குகிறோம் என்று அருங்காட்சியகம், சுற்றிக் காட்டும் நடை என்று ஆரம்பித்தார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் போன் அடித்தது. குபெர்டினோ அண்ணா. ஐந்து வருடத்தில் ஒன்றுமே நடக்காத குரல்.

"உங்க ஊர்ல ஏதோ நேவி மியூசியம், ஃபெர்ரி எல்லாம் இருக்காமே! அம்மா வந்திருக்காங்க. கோல்டன் கேட், கோவில் எல்லாம் காட்டியாச்சு. நீதான் அங்கயே ஒர்க் பண்ணவளாச்சே, கொஞ்சம் சுத்திக் காட்டேன்."

வெட்கம் என்று ஒன்று உண்டா இல்லையா? வைத்துவிடத்தான் போனேன். அதற்குள் போனை அவர் அம்மா வாங்கி, "கண்ணு, உனக்கு செரமம் இல்லீன்னா காட்டு கண்ணு" என்றார். அந்தக் குரலுக்காக ஒத்துக்கொண்டேன். இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது வருகிறதா பார்ப்போம் என்ற வீம்பும் இருந்தது.

சனிக்கிழமை படகில் வந்து இறங்கினார்கள். என் காரில் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு அழைத்துப் போனேன். மாளிகைகளைக் காட்டினேன், கண்ணாடித் தேவாலயத்தைக் காட்டினேன், குதிரைக் கதையைச் சொன்னேன். அவர் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். வார்த்தை வரவில்லை. உலர்துறைக்குப் போனோம். துருப்பிடித்த ராட்சதக் கிரேன்கள் வரிசையாக நின்றன. அந்தம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏங்கண்ணு, இத்தாம் பெரிய மிசினுக்கு ஆயுத பூசைக்கு மாலை கட்டறதுன்னா எத்தன பூ ஆகும்!"

நான் இதை எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தம்மாவின் வாயில் தானாக வந்தது.

"உங்க பையனக் கேளுங்கம்மா. அப்படி ஒரு பழக்கமே அவருக்குத் தெரியாதாமா. நேவிக்காரங்க போன் பண்ணிக் கேட்டப்போ அப்படித்தான் சொன்னாருங்க. நான் இங்க லேத்துக்குப் பொட்டு வெச்சதுக்கு விசாரணை நடந்துச்சுங்க. வழக்கந்தான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எம்பட வேலை எனக்குக் கெடைச்சிருக்கும். சொல்லுல."

அந்தம்மாவுக்கு முழுதும் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. மகன் பக்கம் திரும்பினார்.

"தெரியாதுன்னா சொன்ன? உங்கப்பா டிப்போல பஸ்ஸுக்கெல்லாம் வாழைமரம் கட்டறப்ப சந்தனக் கிண்ணத்தத் தூக்கிட்டு பின்னாலயே ஓடுனது ஆருடா?"

"அம்மா, ப்ளீஸ். லீவ் இட்" என்றார் அவர். வீடியோ கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

காரைத் திருப்பினேன். படகுத்துறையில் இறக்கிவிட்டேன். அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்திக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்துப் படகில் ஏறிவிட்டார். அண்ணா மட்டும் பின்தங்கி நின்றார்.

"அந்த டைம்ல சிச்சுவேஷன் அப்படிம்மா. மனசுல வெச்சுக்காத. சரி, நாங்க போயிட்டு வரோம்" என்றார்.

நம் வீடுகளில் இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. கடன்காரனுக்கும் அதைத்தான் சொல்வோம், சண்டைக்காரனுக்கும் அதைத்தான் சொல்வோம். எழவு வீட்டைத் தவிர வேறெங்கும் அதை விழுங்கக்கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அவரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார்.

"போங்க" என்றேன்.